பதிமூணுக்கு ஒண்ணு

— அந்தச் சாக்க அப்புடியே எறக்குங்கய்யா, நான் தூக்கிக்கிறேன். நாப்பது கிலோ எஞ்சின இந்த வயசுல தோள்ல போட்டுக்கிட்டு வருவாங்களா?

— நெல்லு மூட்டை தூக்குன தோளு பாய். எங்க வைக்கணும்னு மட்டும் சொல்லுங்க.

— இந்தப் பலகை மேல. மெதுவா. ஆட்டோவுல யாரு, உங்க மருமவ அனுராதாவா? உள்ள வரச் சொல்லுங்க, ஃபேன் காத்துல உக்காரட்டும். வெயிலு கொளுத்துது.

— வராது. கூப்புட்டுப் பாத்துட்டேன். வலங்கைமான்ல ஆட்டோவுல ஏத்துறப்பவே நீ வேணாம்மா, வீட்டுல இருன்னேன். கேக்கல. ஓரமா ஏறி ஒக்காந்துக்கிச்சு. இந்தச் சாக்கு மேல வச்ச கைய கூத்தாநல்லூர் வர்ற வரைக்கும் எடுக்கல.

— கையில ஏன் துணி சுத்திருக்கு?

— அடுப்புல சுட்டுக்கிச்சு. அது கெடக்கட்டும்.

— சேரன் சாவுக்கு வந்ததுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் அந்தப் புள்ளயப் பாக்குறேன். வல்லாஹி, அடையாளமே தெரியலய்யா எனக்கு.

— அது கெடக்கட்டும்னேன்ல. இதப் பிரிங்க.

— பிரிச்சு?

— பழையபடி கட்டுங்க. எம்மவன் எப்புடிக் கட்டச் சொன்னானோ அப்புடியே. சாமான் கூட கொண்டாந்துருக்கேன். இந்தாங்க பார்சலு.

— இது சேரன் பேருல வந்துருக்கே.

— அவன் ஆர்டர் போட்டதுதான். ஸ்பேர் இருக்கட்டும்னு இன்னொரு செட்டு சொல்லி வச்சிருந்திருக்கான். பதினாறாம் நாளு, பந்தல்ல எல போட்டுக்கிட்டிருக்கோம், கொரியர்காரரு வந்து நிக்கிறாரு. ‘சேரன் சார் இருக்காரா, கையெழுத்து போடணும்’ங்குறாரு. அனுராதாதான் போயி போட்டுச்சு.

— யா அல்லா.

— பிரிக்க மனசு வரல. தூக்கிப் போடவும் மனசு வரல. நீங்களே பிரிங்க.

— பிஸ்டன், ரிங்கு, பின்னு, ஹெட் கேஸ்கெட். எல்லாம் அதே சாமான். இத ஒரு தடவ கையில வாங்கிப் பாருங்கய்யா. கம்பெனி பிஸ்டனுக்குத் தலை சப்பையா இருக்கும். இதுக்கு நடுவுல மேடு இருக்கா? அந்த மேடுதான் விஷயம். கம்பெனிக்காரன் ஒம்பது படி காத்த ஒரு படி எடத்துல அமுக்குறான்னு வைங்க, இது பதிமூணு படிய ஒரு படிக்குள்ள அமுக்கும். அந்தக் கோவம்தான் வேகம். கத்தார்ல நானும் சேரனும் ஒரே ரூம்ல கெடந்தோம்ல, மணல்ல ஓட்டுற வண்டிக்கெல்லாம் நாங்கதான் எஞ்சின் கட்டுறது. தூக்கத்துல கூட ‘நானா, பதிமூணுக்கு ஒண்ணு’ம்பான்.

— உங்கள நானான்னா கூப்புடுவான்?

— எங்காளுங்க அண்ணன நானாம்போம். அது அவனுக்கு ஒட்டிக்கிச்சு. அங்க உள்ளவங்ககிட்டேருந்து எனக்கு வல்லாஹி ஒட்டிக்கிட்ட மாதிரி.

— அதான் கேக்கணும்னு இருந்தேன். போன ஆவணியில இத நீங்க கட்டுனப்ப நான் இங்கதான் ஒக்காந்திருந்தேன். ஸ்பானர் காணும்னா வல்லாஹி, டீ ஆறிப்போச்சுன்னா வல்லாஹி. எண்ணி எண்ணி அலுத்துப் போச்சு எனக்கு. அப்புடின்னா என்னா பாய்?

— அல்லா மேல ஆணைன்னு அர்த்தம்யா. தொட்டதுக்கெல்லாம் சொல்லக் கூடாதுதான். பள்ளிவாசல் அஜரத்தே திட்டிருக்காரு. வாய் கேக்க மாட்டேங்குது. ஆனா ஒண்ணு, பொய்யுக்கு மட்டும் அந்த வார்த்தைய நான் போட்டதில்ல. வல்லாஹி.

— பாத்தீங்களா, மறுபடியும்.

— சிரிச்சிட்டீங்க.

— சிரிப்பு வந்துருச்சே, பாருங்க. எனக்கே வெக்கமா இருக்கு.

— மேட்டூர் தண்ணி வந்துருச்சா உங்க பக்கம்?

— போன வாரந்தான் எங்க வாய்க்காலுக்கு வந்துச்சு. ஊரே கரையில நின்னு பூவத் தூவுனாங்க. நாங்க கதவச் சாத்திக்கிட்டோம். அந்தச் சத்தம் கேட்டா வீட்டுல சோறு எறங்க மாட்டேங்குது.

— ஐயா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கக் கூடாது. இத எதுக்குக் கட்டணும்? வண்டி ஃப்ரேமே வளைஞ்சு கெடக்கு. ஓட்டுறதுக்கு ஆளும்...

— ஆளில்ல. தெரியும். கட்டணும்னா பிரிக்கணும்ல? பிரிச்சா தெரிஞ்சுரும்ல, ஏன் ஜாம் ஆச்சுன்னு? அதுக்குத்தான் வந்தேன். நல்லா ஓடிக்கிட்டிருந்த எஞ்சின் ஏன் அந்த நிமிஷத்துல கவ்விக்கிச்சு? ஸ்டேஷன்ல வேகம்னு எழுதிக்கிட்டாங்க. ஊருல திமிருங்குறாங்க. எனக்கு நெசமான காரணம் வேணும் பாய். அது தெரியாம எங்க வீட்டுல எட்டு மாசமா தூக்கமில்ல.

— எனக்கும்தான்யா.

— உங்களுக்கு என்னா?

— கட்டுனது நான்ல? சாவுக்கு வந்தப்ப அவன் மூஞ்சியப் பாக்குறதுக்கு முந்தி வண்டியத்தான் போயிப் பாத்தேன். பின்சக்கரம் ரெண்டும் அசையல. எஞ்சின் கவ்விருக்குன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. என் கைத் தப்போன்னுதான் மொதல்ல தோணுச்சு. பிரிச்சுப் பாருங்கன்னு யாரும் கொண்டாந்துரக் கூடாதுன்னு தொழுவுறப்பல்லாம் கேட்டுருக்கேன். வல்லாஹி.

— கொண்டாந்துட்டேன்.

— கொண்டாந்துட்டீங்க. அந்த பாக்ஸ் ஸ்பானர எடுங்க. பன்னண்டாம் நம்பரு.

— இதுவா?

— அதேதான். மேல உள்ள பாட்டில அப்புடி நகத்திக்கங்க. அதுக்குப் பின்னாடி இருக்குற களிமண்ணு உருண்டை மேல மட்டும் கை படாமப் பாத்துக்குங்க.

— களிமண்ணா? எதுக்கு?

— உங்களுக்கு ஞாபகமில்லயா? பிஸ்டனுக்கு மேடு கூட இருக்கறதால வால்வு வந்து முட்டுதான்னு பாக்கணும். பிஸ்டன் தலையில களிமண்ண வச்சு எஞ்சின கையால ஒரு சுத்து சுத்துனா வால்வு பதிஞ்ச தடம் விழும். மண்ண வெட்டிப் பாத்தா எவ்ளோ எடம் இருக்குன்னு தெரிஞ்சுரும். கடையில விக்கிற மண்ணு வேணாம் நானான்னு உங்க வயல்லேருந்து ஒரு உருண்டை எடுத்தாந்தான். தூக்கிப் போட்டுருக்க வேண்டியது. இப்புடியே இருந்துருச்சு.

— குடுங்க அத.

— காஞ்சு போச்சு, உதுந்துரும். பாத்து.

— இது தெக்குப் பங்கு மண்ணு. உடைப்பு எடுத்துச்சே, அந்த வயலு.

— எப்புடித் தெரியும்?

— நெறத்தப் பாத்தாத் தெரியும்ல. இது என்னா பாய், இந்த ஓரத்துல? ரேகையா?

— அவன் கட்டைவிரல்.

— ம்.

— வச்சுக்குங்கய்யா.

— வேணாம். இங்கயே இருக்கட்டும். எங்க வீட்டுல இனிமே ஒரு பொருள் தாங்காது. நீங்க போல்ட்ட கழட்டுங்க.

— அன்னைக்கு நடந்தத முழுசா எங்கிட்ட யாரும் சொல்லலய்யா. சொல்லுங்களேன், கை பாட்டுக்கு வேலையச் செய்யட்டும்.

— ஐப்பசி அடைமழ. சம்பா நட்டு இருவது நாளு, நாத்தோட தல தெரியல, எங்கப் பாத்தாலும் தண்ணி. பலபலன்னு விடியிற நேரம், வாய்க்கா கரை ஒடச்சுக்கிச்சு. நானு, முருகையன், இன்னும் நாலு பேரு, இடுப்பளவு தண்ணில எறங்கி நிக்கிறோம். அடைக்கிறதுக்கு மூட்டை இல்ல. எங்க வீட்டு வாசல்ல மணலு கட்டி வச்ச சாக்கு கெடக்கு. அந்தக் கரை மேல டிராக்டர் வராது. அங்கேருந்தே போனப் போட்டு, ‘டேய் சேரா, ஒன் தவக்கள வண்டியில ஏத்திக்கிட்டு வாடா’ன்னேன்.

— தவக்கள வண்டியா?

— ஊருல அதுக்கு அதான் பேரு. நாகப்பட்டினம் பக்கம் ஒரு ரிசார்ட்ட மூடுனப்ப, மணல்ல ஓட்டுற அந்த வண்டிய வாங்குனான்ல. பச்ச பெயிண்டு, நாலு சக்கரம், குந்திக்கிட்டிருக்க மாரியே இருக்கும். தை மாசம் ரேசுக்குப் போறேன்னு வாங்குனான். அது எங்க வயலுக்கு நாத்துக்கட்டு சொமந்துச்சு.

— அப்புறம்?

— ஆறு நடை அடிச்சான். நடைக்கு நாலு மூட்டை. வரவும் எறக்கவும் போவவும், மனுசன் வேலையா அது? கரைய விட்டு நான் ஏறவே இல்ல, காலு மரத்துப் போச்சு. கொண்டா கொண்டான்னு கத்திக்கிட்டே நிக்கிறேன். ஏழாவது நடை வர்றப்ப தூரத்துலேயே சத்தம் மாறிக் கேட்டுச்சு பாய். கொட்டாங்குச்சியில கல்லப் போட்டுக் குலுக்குற மாரி.

— கல்லப் போட்டுக் குலுக்குற மாதிரியா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

— நாப்பது வருசம் பம்ப்செட்டு எஞ்சின் சத்தத்தக் கேட்டுத் தூங்குனவன். எனக்குத் தெரியாதா? கடகடகடன்னு. மதகுகிட்ட வர்றப்ப பின்சக்கரம் டக்குன்னு நின்னுச்சு. வண்டி நின்னுச்சு, அவன் நிக்கல. மதகுக் கட்டையில போயி...

— போதும்யா. போதும்.

— என் கண்ணு முன்னாடி.

— போதும்யா. இந்தா, மேல மூடியிருந்த ஹெட்டு வந்துருச்சு. அந்த டார்ச்ச அடிங்க. கிட்ட புடிங்க. இன்னும்... அல்ஹம்துலில்லா.

— என்னாது?

— ஒண்ணுமில்ல. வாய் தவறி வந்துருச்சு.

— பிஸ்டன் தலையில ஓட்ட விழுந்துருக்கு.

— ஆமா.

— ஓரமெல்லாம் எறும்பு அரிச்ச மாரி புள்ளி புள்ளியா இருக்கே. எங்க டீசல் எஞ்சின்ல இப்புடிப் பாத்ததில்ல. எதால இப்புடி ஆவும்?

— பதிமூணுக்கு அமுக்குற எஞ்சினுக்கு சாதா பெட்ரோல் தாங்காதுய்யா. ஒழுங்கா எரியாம, அந்த அமுக்கத்துலேயே தானா வெடிச்சுரும். ஒவ்வொரு வெடியும் பிஸ்டன் தலையில சுத்தியால அடிக்கிற அடி. கல்லக் குலுக்குற சத்தம்னீங்கள்ல, அது அதான். லோடோட முழு வேகத்துல கொஞ்ச நேரம் அப்புடி ஓடுனாப் போதும், அலுமினியம் உருகி ஓட்டையப் போட்டுரும். அதுக்குத்தான் தஞ்சாவூர்ல போயி நூறு நம்பர் பெட்ரோல் வாங்கிட்டு வருவான், நீலக் கேன்ல. வல்லாஹி, இத தவிர வேறத தொடாதடான்னு படிச்சுப் படிச்சு சொல்லிருந்தேன். அன்னைக்கு வண்டியில என்ன பெட்ரோல்யா இருந்துச்சு?

— ஸ்ப்ரேயர் கேனு.

— என்னது?

— பயிருக்கு மருந்தடிக்கிற மிஷினுக்கு வச்சிருப்போம்ல, வெள்ளக் கேன்ல. பெட்ரோல்ல டூ-டி ஆயில் கலந்தது. ஆடியில கலந்து வச்சு மிச்சம் கெடந்துச்சு. அத எடுத்து ஊத்துனது.

— யாரு ஊத்துனா?

— நான்தான். நீலக் கேனு காலி. அவன் சாக்க ஏத்திக்கிட்டே பெட்ரோல ஊத்து, ஊத்துன்னு கத்துறான். தண்ணி ஏறிக்கிட்டிருக்கு. வீட்டுல இருந்தது அந்த ஒரு கேனுதான். எல்லாம் பெட்ரோலுதானேன்னு ஊத்துனது. அவன் திரும்பிக் கூடப் பாக்கல பாய். ஊத்துன கைய நம்பி ஏறி ஒக்காந்து போயிட்டான்.

— ஐயா...

— அந்தக் கையி இன்னமும் பெட்ரோல் நாறுதுன்னு சோப்பு போட்டுத் தேச்சுத் தேச்சு உள்ளங்கை ரெண்டும் ரணமாப் போச்சு. தேங்கா நாரு வச்சுத் தேய்க்கிறது. சொன்னாக் கேக்குதா அந்தப் பாழும் மனசு? சொல்லுங்க. அதுதானே? அந்தக் கேனுதானே?

— கொஞ்சம் பொறுங்கய்யா.

— வீட்டுல இருந்த பூச்சிமருந்து டப்பா அத்தனையும் தூக்கி போன வாரம் முருகையன் வீட்டுல குடுத்துட்டேன்.

— எதுக்கு?

— இருக்கக் கூடாதுன்னுதான். வாய்க்கால்ல தண்ணி வந்த அன்னைக்கு, அது இருக்குற மூலைக்குக் காலு தானாப் போச்சு. என்னாங்குறேன், மூடியத் தொறந்தாச்சு.

— யா அல்லா! ஐயா, என்ன பேச்சு பேசுறீங்க?

— நடந்ததச் சொல்றேன். அந்தக் கேன்தான் காரணமா, இல்லயா? ரெண்டுல ஒண்ணு இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாவணும்.

— சிலிண்டர இன்னும் எடுக்கலய்யா. முழுசாப் பாக்காம எப்புடிச் சொல்றது? அந்த மரச்சுத்தியக் குடுங்க. நீங்க இந்தப் பக்கம் புடிங்க. அசைச்சு அசைச்சு தூக்குங்க.

— வருது.

— வந்துருச்சு. இங்க பாருங்க. பிஸ்டனோட பக்கவாட்டுல. மேலேருந்து கீழ கோடு கோடா சொரண்டிருக்கா? சிலிண்டர் உள்ளயும் அதே கோடு. இதான்யா காரணம்.

— எது?

— இந்தக் கோடுதான். பெட்ரோல் இல்ல. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல மயிரிழை எடம் விடணும். சூட்டுல பிஸ்டன் வீங்கும்ல, அதுக்கு. கம்பெனி பிஸ்டன் கொஞ்சமா வீங்கும். இது கூடுதலா வீங்குற ரகம், கூட எடம் விட்டுருக்கணும். நான் விடல. வீங்குறதுக்கு எடமில்லாம கவ்விக்கிச்சு.

— நீங்களா?

— நான்தான். என் கைத் தப்பு.

— மூணு தடவ அளந்தீங்களே பாய். நான் பக்கத்துல ஒக்காந்திருந்தேன். ‘நானா, பொண்ணு பாக்க வந்த மாரி பாக்குறீங்க’ன்னு சேரன் கூட கேலி பண்ணுனான்.

— அளந்தது சரிதான். கம்பெனி பிஸ்டன் கணக்குக்கு அளந்துட்டேன்.

— இந்தப் பிஸ்டனுக்கு?

— ஆமா.

— கத்தார்ல பதினஞ்சு வருசம் இதே பிஸ்டன மாட்டுன ஆளு நீங்க.

— பதினஞ்சு வருசம் தப்பாதது ஒரு நாள் தப்பும்யா. அன்னைக்குத் தப்பிருச்சு. நீலக் கேன் பெட்ரோல ஊத்திருந்தாலும் ஏழாவது நடையில இதேதான் ஆயிருக்கும். ஊத்துன கைக்கு இதுல ஒரு பங்கும் இல்ல. நீங்க என்னை என்ன வேணா செய்ங்க. ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஊர்ல சொல்லுங்க, வர்றேன். தம்பி தம்பின்னு சொல்லி, என் கையாலயே அவன அனுப்பிட்டேன்.

— அழுவாதீங்க பாய்.

— நான் அழுவல.

— மொதல்ல கவ்விக்கிச்சுங்குறீங்க.

— ஆமாய்யா.

— கவ்வுன எஞ்சின் நின்னுரும்ல? நின்ன எஞ்சின்ல ஓட்ட எப்புடி பாய் விழும்? அப்புறமா யாரு வந்து சுத்தியால அடிச்சா?

— அது வந்துய்யா...

— ஹெட்டத் தூக்குனதும் நீங்க அல்லாவுக்கு நன்றி சொன்னீங்க. அந்த வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியும். உங்க கைத் தப்பு இல்லன்னு, எட்டு மாசமா அடைச்சுக்கிட்டிருந்த மூச்ச விட்டீங்க. டார்ச்சு வெளிச்சத்துல உங்க மூஞ்சியப் பாத்தேன்.

— நான் சொல்றத அப்புடியே எடுத்துக்குங்கய்யா. உங்க கால்ல வேணாலும் விழுறேன். கேள்வி கேக்காதீங்க. நீங்க உசுரோட இருக்கணும்.

— எனக்கு ஒண்ணும் ஆவாது. இந்தாங்க, என் உள்ளங்கையப் பாருங்க.

— காய்ப்பு காச்சிருக்கு. மம்முட்டி புடிச்ச கை.

— ரணம் எங்க?

— ரணம் இல்ல.

— கரைய விட்டு ஏறவே இல்லன்னேன்ல? இடுப்பளவு தண்ணில நின்னவன் வீட்டுக்கு வந்து எப்புடி பெட்ரோல் ஊத்துறது?

— ஐயா... ஆட்டோவுல, அந்தத் துணி சுத்துன கை...

— அடுப்புல சுட்டதில்ல.

— யா ரப்பே.

— மருந்து டப்பா மூடியத் தொறந்ததும் அந்தப் புள்ளதான். கடவுள் புண்ணியத்துல நான் அந்த நேரம் கொல்லைப் பக்கம் போனேன். எந்திரிங்க தம்பி. இந்த ஓட்டப் பிஸ்டன பழைய துணியில சுத்தி எங்கயாச்சும் உள்ள போடுங்க, அது கண்ணுல படக் கூடாது. மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டு ஆட்டோகிட்ட வாங்க. என் கைத் தப்புன்னு எங்கிட்ட சொன்னீங்களே, அத ஒரு வார்த்த மாறாம அந்தப் புள்ளகிட்ட சொல்லுங்க. ஆயுசுக்கும் உங்கள ஏசும். ஏசட்டும். ஏசுறதுக்காவது உசுரோட இருக்கட்டும்.

— சொல்றேன்யா. நான் சொல்றேன்.

— சும்மா சொன்னா நம்பாது. நானா பொய்யுக்கு அந்த வார்த்தையப் போட மாட்டாருன்னு சேரன் அதுகிட்டயும் சொல்லி வச்சிருக்கான். எங்கிட்ட சொன்னப்ப அந்த வார்த்தைய விட்டுட்டீங்க. இந்தத் தடவ வல்லாஹி போட்டுச் சொல்லுங்க, தம்பி.